லேப் டெக்னீசியன் வேலைக்குப் போகலாமா? மதுரைப் பக்கத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து என் போன் ஓயாது. உசிலம்பட்டியிலிருந்து ஒரு சித்தப்பா, மேலூரிலிருந்து பழைய தோழி, எதிர்வீட்டு அக்காவின் தம்பி மகன் என்று யாராவது கூப்பிட்டு, "நீங்கதான் லேப்ல இருந்தவங்களாச்சே" என்று ஆரம்பிப்பார்கள். இருந்தேன்தான், 23 வருடம். முதலில் ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தில், அப்புறம் ரத்தப் பரிசோதனை லேப்களில். இப்போது பிள்ளைகளுக்கு ஸ்லைடு பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறேன். கேட்ட கேள்விக்கே திரும்பத் திரும்பப் பதில் சொல்லித் தொண்டை கட்டிவிட்டதால் எழுதிவைத்துவிட்டேன்.

டெக்னீசியன் என்றால் ரத்தம் எடுக்கிறவர்தானே?

அவரும் ஒருவர். மதுரையைச் சுற்றி ஒரு நாளில் என்னென்ன பரிசோதனைக்குப் போகிறது என்று பாருங்கள். கறந்த பால், மல்லிகைத் தோட்டத்து மண், மேல்நிலைத் தொட்டித் தண்ணீர், மில்லில் ஓடும் நூல், டயருக்குப் போகும் ரப்பர், கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ், வழக்கில் கைப்பற்றிய அரிவாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு லேப் உண்டு, அங்கே கையால் வேலை செய்கிற ஒரு டெக்னீசியன் உண்டு. என்ன கேட்க வேண்டும் என்பதை டாக்டரோ விஞ்ஞானியோ சொல்வார். அதற்குப் பதிலைப் பிசகாமல் வாங்கித் தருவது நம் வேலை.

அப்படியானால் எந்தத் துறை நல்லது?

இதற்கு நான் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எந்த நாற்றத்தோடு எட்டு மணி நேரம் இருப்பீர்கள்? சிரிக்காதீர்கள். சளி சாம்பிள், ஃபார்மலின், புளித்த பால், சூடான ரப்பர், ஆசிட் புகை என்று ஒவ்வொரு லேபுக்கும் ஒரு வாடை இருக்கிறது. மார்க்கைப் பார்த்துத் துறையைத் தேர்ந்தெடுத்து, மூன்றே மாதத்தில் "வாந்தி வருது மேடம்" என்று நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ரத்தத்தைக் கண்டு மயங்கி விழுந்த பெண் ஒருத்தி, தண்ணீர் லேபுக்குப் போய் இன்று அந்த இடத்தையே நடத்துகிறாள்.

மருத்துவ லேபுக்கு என்ன படிக்க வேண்டும்?

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் இருக்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரிகளில் டி.எம்.எல்.டி. என்கிற மருத்துவ லேப் தொழில்நுட்ப டிப்ளமோ இரண்டு வருடம். பி.எஸ்சி. எம்.எல்.டி. என்றால் மூன்று வருடப் படிப்பும் ஒரு வருட இன்டர்ன்ஷிப்பும். சி.எம்.எல்.டி. என்று ஒரு வருடச் சான்றிதழ் படிப்பும் உண்டு. அரசு மருத்துவமனை இடங்களை எம்.ஆர்.பி. எனப்படும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நிரப்புகிறது. 2012-இல் ஏற்பட்ட வாரியம் அது. பெரியாஸ்பத்திரியில் வெள்ளைக் கோட்டோடு நடமாடும் டெக்னீசியனைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் இந்த வாரியத்தின் அறிவிப்பில் கண் வைத்திருக்க வேண்டும்.

பணம் கட்டும் முன் ஒரு வேலை செய்யுங்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பஸ் ஸ்டாண்டு "பாராமெடிக்கல்" போர்டு தொங்குகிறது. அந்த இடத்தில் போன வருடம் முடித்துப் போன பிள்ளையின் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். அதில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறது, எந்த அரசு இயக்ககத்தின் முத்திரை இருக்கிறது என்று பாருங்கள். டிரஸ்ட் பெயர் மட்டும் இருந்தால் டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள். துணை மருத்துவப் படிப்புகளை ஒழுங்குபடுத்த 2021-இல் மத்திய அரசு தனிச் சட்டமே கொண்டுவந்திருக்கிறது. முத்திரையில்லாத காகிதத்துக்கு இனி மதிப்பு குறைந்துகொண்டேதான் போகும்.

எக்ஸ்-ரே டெக்னீசியனும் இதே படிப்புதானா?

இல்லை, அது வேறு படிப்பு. அங்கே சட்டையில் டி.எல்.டி. பேட்ஜ் ஒன்று குத்தியிருப்பார்கள், உடம்பில் பட்ட கதிர்வீச்சைக் கணக்கு வைப்பதற்காக. ஐந்து வருடச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்பது வரம்பு. பேட்ஜே தராத சென்டரில் ஒரு நாள்கூட நிற்காதீர்கள்.

ரத்த லேபில் ஒரு நாள் எப்படிப் போகும்?

காலை ஆறரைக்கே தொடங்கிவிடும். வெறும் வயிற்றோடு சுகர் பார்க்க வந்தவர்கள் வரிசையில் நிற்பார்கள். பசி, கோபம், "எத்தனை தடவைம்மா குத்துவ?" எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே நரம்பைத் தேட வேண்டும்.

அப்புறம் டியூப். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்குக் கலர் கலராக மூடி தெரியும். உள்ளே இருப்பவர்களுக்கு அதுதான் பாடமே. ஊதா மூடியில் இ.டி.டி.ஏ. இருக்கிறது. ரத்தத்தில் உள்ள கால்சியத்தைப் பிடித்துவைத்து உறையாமல் காக்கும், அணுக்களை எண்ணுவதற்கு. சாம்பல் மூடியில் ஃபுளோரைடு. அது இல்லாவிட்டால் டியூப்புக்குள் இருக்கும் அணுக்களே மணிக்கு மணி சர்க்கரையைத் தின்று தீர்த்துவிடும், சுகர்காரருக்கு நார்மல் என்று ரிப்போர்ட் போகும். சிவப்பு மூடியில் ரத்தம் உறைந்து சீரம் பிரியும்.

நான் சறுக்கிய கதை ஒன்று. அந்த லேபின் பெயர் வேண்டாம். பயிற்சிக்கு வந்த தம்பி ஒருவன், சிவப்பு டியூப்பில் ரத்தம் குறைவாக இருக்கிறதே என்று ஊதாவிலிருந்து கொஞ்சம் அதில் ஊற்றிவிட்டான். நல்ல எண்ணம்தான். பொட்டாசியம் ஒன்பதுக்கு மேல் வந்தது. இயல்பு மூன்றரையிலிருந்து ஐந்து வரை. எட்டுக்கு மேல் போனாலே இதயம் நிற்கிற அளவு. நான் பதறிப்போய்க் கையெழுத்திட்டு டாக்டருக்குப் போன் செய்தேன். "அந்தப் பெரியவர் என் எதிரே உட்கார்ந்து காபி குடிச்சுக்கிட்டிருக்காரும்மா" என்றார் அவர். திரும்பி வந்து பார்த்தால் கால்சியம் தரைமட்டத்தில் கிடக்கிறது. அப்போதுதான் உறைத்தது. இ.டி.டி.ஏ. வருவதே பொட்டாசிய உப்பாகத்தான். ஊற்றினால் பொட்டாசியம் ஏறும், கால்சியம் இறங்கும். இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்த்திருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். அந்தத் தம்பியை நான் திட்டவில்லை. கையெழுத்து என்னுடையது.

எல்லாவற்றையும் மிஷினே செய்கிறதே, பத்து வருடம் கழித்து இந்த வேலை இருக்குமா?

எண்ணுகிற வேலை மிஷினுக்குப் போய் ரொம்ப நாளாகிவிட்டது. சந்தேகப்படுகிற வேலை இன்னும் நம்மிடம்தான். டெங்கு சீசனில் நடப்பதைச் சொல்கிறேன். மிஷின், தட்டணு (பிளேட்லெட்) 40 ஆயிரம் என்று காட்டும். வீட்டார் அழ ஆரம்பித்துவிடுவார்கள். சிலருடைய ரத்தத்தில் இ.டி.டி.ஏ. பட்டால் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்துக் கொத்தாகிவிடும். மிஷின் ஒரு கொத்தை ஒன்றாக எண்ணும், இல்லை எண்ணாமலே விடும். ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்லைடில் இழுத்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்தால் கொத்து கண்ணுக்குத் தெரியும். இ.டி.டி.ஏ.வுக்குப் பதில் சிட்ரேட் இருக்கிற டியூப்பில் மறுபடி எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் சரியான கணக்கு வந்துவிடும். "ஸ்லைடு பார்த்தீங்களா?" என்று கேட்கத் தெரிந்தவருக்கு வேலை போகாது.

எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் ஆள் கேட்கிறார்கள். அதெல்லாம் ஒரு வேலையா?

நான் தொழில் கற்றதே அங்கேதான். நகரத்து லேபில் பேஷன்ட் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பார். சொசைட்டியில் மாட்டுக்காரர் நேர் எதிரே நின்று உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். ஃபேட் என்கிற கொழுப்பும், எஸ்.என்.எஃப். என்கிற கொழுப்பு நீங்கிய திடப்பொருளும் ஒரு புள்ளி இறங்கினால் அவருக்குக் காசு இறங்கும்.

கொழுப்பை அளக்கக் கெர்பர் முறை என்று ஒன்று இருக்கிறது. பியூட்டிரோமீட்டர் குழாயில் முதலில் சல்ஃப்யூரிக் ஆசிட் 10 மில்லி, அதன்மேல் பால் 10.75 மில்லி, அமைல் ஆல்கஹால் 1 மில்லி. ஆசிட் மற்றதையெல்லாம் கரைத்துவிட்டுக் கொழுப்பை மட்டும் விட்டுவைக்கும். சென்ட்ரிபியூஜில் ஐந்து நிமிடம் சுற்றினால் கொழுப்பு மேலே ஏறி அளவுக்கோட்டில் நிற்கும். பாலைக் குழாயின் சுவரோரமாக வழியவிட வேண்டும். அவசரப்பட்டுக் கொட்டினால் கொதித்துப் பொங்கும், கை வெந்துவிடும். என் இடது மணிக்கட்டில் இன்னும் தழும்பு இருக்கிறது.

இப்போது அனலைசரில் ஊற்றினால் நொடியில் எண் வந்துவிடுகிறது. ஆனால் கேனைக் கலக்காமல் மேலாக மொண்டு ஊற்றினால்? கொழுப்பு மேலே மிதக்கும், எண் கூடும். அடியிலிருந்து எடுத்தால் குறையும். ரெண்டு பேருக்குமே அநியாயம். மிஷின் தனக்குக் கொடுத்ததைத்தான் அளக்கும். எந்த லேபுக்குப் போனாலும் பாதித் தொழில் சாம்பிள் எடுப்பதில்தான் இருக்கிறது என்று நான் தெரிந்துகொண்டது அந்தக் கேனுக்கு முன்னால்தான்.

மண் பரிசோதனை லேபுக்கு விவசாயம் படித்திருக்க வேண்டுமா?

வேளாண் டிப்ளமோ இருந்தால் எளிது, வேதியியல் பட்டம் இருந்தாலும் உள்ளே போகலாம். ஒத்தக்கடையில் யானைமலை அடிவாரத்து வேளாண்மைக் கல்லூரி 1965-லிருந்து இருக்கிறது. பி.எச்., உப்புநிலை, தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து பார்ப்பது பழகினால் வந்துவிடும்.

கஷ்டம் வயலில் இருக்கிறது. ஒரு ஏக்கர் மல்லிகைத் தோட்டத்துக்குப் பத்துப் பதினைந்து இடத்தில் 'வி' வடிவக் குழி வெட்டி, மேலிருந்து கீழ்வரை சீவலாக மண் எடுக்க வேண்டும். வரப்போரம், மர நிழல், குப்பை கொட்டிய இடம் ஆகாது. எல்லாவற்றையும் சாக்கில் கொட்டிக் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கை ஒதுக்கி ஒதுக்கி அரைக் கிலோவுக்குக் கொண்டுவர வேண்டும். பூ பறிக்க வசதியாக வாசலோரச் செடியடியில் ஒரு கை அள்ளிக்கொண்டு வருகிறவர்களிடம் இதைப் பொறுமையாகச் சொல்லிப் புரியவைக்கிற வாயும் வேண்டும்.

தண்ணீர் லேப்?

அமைதியான வேலை. குடிநீரில் ஃபுளோரைடு ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை. அதைத் தாண்டினால் பல்லில் கறை, பின்னால் எலும்பில் வலி. கிருமி பார்க்க எடுக்கும் சாம்பிளுக்குத்தான் கவனம் வேண்டும். குழாயைச் சில நிமிடம் திறந்துவிட்டு, கிருமி நீக்கிய பாட்டிலில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே சேர்க்க வேண்டும். பழைய சோடா பாட்டிலில் கொண்டுவந்து "பார்த்துச் சொல்லுங்க" என்று நீட்டுவார்கள். பாட்டிலில் இருந்த கிருமியைத்தான் சொல்ல முடியும்.

பையன் ஐ.டி.ஐ. போகிறேன் என்கிறான். அவனுக்கு லேபில் இடம் உண்டா?

உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. ஐ.டி.ஐ.யில் "லேபரட்டரி அசிஸ்டென்ட், கெமிக்கல் பிளான்ட்" என்று இரண்டு வருட டிரேடே இருக்கிறது. எந்த ஐ.டி.ஐ.யில் அந்த டிரேடு நடக்கிறது என்று கே.புதூர் அரசு ஐ.டி.ஐ.யில் போய்க் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

வேலை என்று பார்த்தால் மில்லும் டயரும். நூற்பு மில்லின் குவாலிட்டி லேப் நான் பார்த்ததிலேயே சுத்தமான லேப். 27 டிகிரியும் 65 சதவீத ஈரப்பதமும் மாறாமல் வைத்திருப்பார்கள். பருத்தி காற்றிலிருந்து ஈரம் குடிக்கும், எடை கூடும், எடை கூடினால் கவுண்ட், அதாவது நூல் எவ்வளவு மெல்லிசு என்று சொல்லும் எண், மாறிக் காட்டும். 120 கெஜம் நூலைச் சுற்றி எடுப்பதை 'லீ' என்பார்கள். அதை எடை போட்டுக் கவுண்ட் கணக்கிட்டு, அப்புறம் அறுந்து போகும்வரை இழுத்து வலிமை பார்ப்பார்கள். வெள்ளரிப்பட்டியில் டிவிஎஸ் ஸ்ரீசக்ரா டயர் ஆலை இருக்கிறது. டயர் ஆலை லேபில் ரியோமீட்டரில் துண்டு ரப்பரைச் சூடாக்கி அது வேகிற வேகத்தைக் கோடாக வரைந்து பார்ப்பார்கள். கோடு கொஞ்சம் கோணினால் அந்தக் கலவை முழுவதும் நிற்கும். கார்பன் கருப்பு சட்டைக் காலரைவிட்டுப் போகாது, அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடச் சொல்லுங்கள்.

கண் ஆஸ்பத்திரியில் கிராமத்துப் பெண் பிள்ளைகளை எடுக்கிறார்களாமே?

ஆமாம். அரவிந்த் கண் மருத்துவமனையை டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கினார். பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுத்து, பார்வை அளப்பது முதல் அறுவை அரங்கில் உதவுவது வரை பொறுப்பைத் தருவது அங்கே பல காலமாக நடக்கிறது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைக் குறைந்த விலையில் செய்ய அவர்களே 1992-இல் ஆரோலேப் தொடங்கினார்கள்.

லென்ஸ் மாதிரிப் பொருள் செய்கிற இடமென்றால் வேலை 'கிளீன் ரூமில்'. தூசிதான் அங்கே எதிரி. பவுடர் கூடாது, பொட்டு கூடாது, தலையில் மல்லிகை கூடாது. மதுரைப் பெண்ணுக்குப் பூ வைக்காமல் வேலைக்குப் போவது என்னவோ போலத்தான் இருக்கும், பழகிவிடும்.

தடய அறிவியல் என்றால் டிவியில் வருகிற மாதிரியா?

இல்லை. தமிழ்நாட்டில் இந்தத் துறையின் வேர் 1849-இல் சென்னையில் ஏற்பட்ட வேதிப் பரிசோதகர் லேப். மதுரையில் வட்டார லேப் இருக்கிறது. பாதி நேரம் அரக்கு முத்திரை உடையாமல் இருக்கிறதா, சீட்டில் உள்ள எண்ணும் பொட்டலத்தில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்ப்பதிலேயே போகும். அதில் பிசகினால் உள்ளே செய்த சோதனை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் கோர்ட்டில் நிற்காது. சுறுசுறுப்பைவிடப் பொறுமை உள்ளவர்களுக்கு ஏற்ற இடம்.

இயற்பியல் பிடித்த பிள்ளைக்கு மதுரைப் பக்கம் ஒன்றுமே இல்லையா?

நிறையப் பேர் இப்படி நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மதுரையிலேயே உயர் ஆற்றல் இயற்பியல் மையம் ஒன்று இருக்கிறது. இரும்புத் தகடும் உணரியும் அடுக்கடுக்காக வைத்த 85 டன் காந்தக் கருவி அங்கே ஓடுகிறது, வானத்திலிருந்து வரும் மியூயான் துகளைப் பிடிப்பதற்கு. வாயுக் கசிவு பார்க்க, மின்சுற்று ஒட்ட, உணரி கழற்றி மாட்டக் கை வேண்டாமா? கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-இல் ஏற்பட்டது. நூறு வருடத்துக்கு மேலாக மேகம் விடுகிற நாளிலெல்லாம் சூரியனைப் பதிவு செய்கிறார்கள். காரைக்குடியில் 1953-லிருந்து மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், சிக்ரி.

சிக்ரி போன்ற, மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆரின் நிறுவனங்களில் டெக்னீசியன் வேலைக்குப் பத்தாம் வகுப்பும் ஐ.டி.ஐ.யும் போதும். டெக்னிக்கல் அசிஸ்டென்ட் என்றால் டிப்ளமோ அல்லது பி.எஸ்சி. கல்பாக்கம் பக்கம் போக மனமிருந்தால் அணுசக்தித் துறை உதவித்தொகையோடு பயிற்சி தந்து வேலைக்கு எடுக்கிறது. அறிவிப்பு எப்போதாவதுதான் வரும், வந்தால் விடாதீர்கள்.

சம்பளம்?

ஒளிக்காமல் சொல்கிறேன். சி.எஸ்.ஐ.ஆரில் ஏழாவது சம்பளக் குழுப்படி டெக்னீசியனுக்கு அடிப்படைச் சம்பளம் 19,900 ரூபாயில் தொடங்குகிறது, டெக்னிக்கல் அசிஸ்டென்டுக்கு 35,400. படிகள் தனி. சிறிய தனியார் லேபில் முதல் வருடம் வாங்குவதில் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் போனால் அம்மாவுக்குக் கொடுக்கப் பெரிதாக மிஞ்சாது. "கத்துக்கிறீங்கல்ல" என்று சொல்லியே சம்பளத்தை இழுத்தடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு வருடம் பொறுக்கலாம், மூன்று வருடம் பொறுப்பது ஏமாளித்தனம். லேபின் தரத்தைச் சோதித்துத் தருகிற என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உள்ள லேபில் கொஞ்ச காலம் இருந்துவிட்டால் அடுத்த இடத்தில் பேரம் பேச முடியும். ஒவ்வொன்றையும் எழுதிவைக்கிற பழக்கம் அங்கே வந்துவிடும், அதற்குத்தான் மதிப்பு.

இன்டர்வியூவில் பி.எஃப். உண்டா என்று கேளுங்கள். ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி போடுவீர்களா என்றும் கேளுங்கள். மூன்று ஊசி: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. அந்தக் கேள்விக்கு அவர் முகம் போகிற போக்கிலேயே லேப் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

ஊசி தன் கையிலேயே குத்திவிட்டால்?

சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். பிதுக்கக் கூடாது, விரலை வாயில் வைக்கக் கூடாது. உடனே மேலே உள்ளவரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், முதல் இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் இன்னும் நல்லது. வெட்கப்பட்டு மறைத்த பெண் ஒருத்தி ஆறு மாதம் தூங்காமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் ஒன்றுமில்லை.

நைட் ஷிப்ட் இருக்குமா? பெண் பிள்ளையாச்சே.

ஆஸ்பத்திரி லேபில் இருக்கும். மண், தண்ணீர், பால் பக்கம் பெரும்பாலும் பகல்தான், பாலில் மட்டும் அதிகாலை. இரண்டு மணிக்கு அவசரக் கேஸ் வந்தால் ரத்தப் பிரிவு பார்க்க ஆள் வேண்டும், அது ஆணா பெண்ணா என்று ரத்தம் கேட்காது. வீட்டிலிருந்து போய்வர வண்டி உண்டா, இரவில் கூட இன்னொருவர் இருப்பாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, என் வீட்டாரும் சொன்னார்கள்தான்.

பையனுக்குச் சிவப்பும் பச்சையும் குழம்பும். முடியுமா?

சேருவதற்கு முன்னால் கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். சாயம் போட்ட ஸ்லைடு, நிறம் மாறும் டைட்ரேஷன், டியூப் மூடி எல்லாமே நிறம்தான். மில் லேபின் எடை, நீளம், வலிமைப் பிரிவுகளில் அவ்வளவு சிக்கல் இல்லை.

ஆங்கிலம் வராதே?

ரிப்போர்ட்டில் வரும் சொற்கள் ஒரு நூறு இருநூறு. ஆறு மாதத்தில் வந்துவிடும். எண்ணைத் தெளிவாக எழுதுங்கள், ஒன்றும் ஏழும் குழம்பக் கூடாது.

சேருவதற்கு முன்னால் ஒரு லேப் நல்ல லேபா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காலையில் கூட்ட நேரத்தில் போய் ரத்தம் எடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள். பேஷன்டிடம் "உங்க பேர் என்ன?" என்று கேட்கிறார்களா, இல்லை "முத்துலட்சுமிதானே?" என்கிறார்களா என்று கவனியுங்கள். இரண்டாவது மாதிரிக் கேட்டால் அரைத் தூக்கத்தில் இருக்கும் யாரும் தலையாட்டிவிடுவார்கள். எடுத்த ரத்தத்துக்கு அவர் எதிரிலேயே லேபிள் ஒட்டுகிறார்களா, இல்லை ஐந்தாறு டியூப்பைச் சேர்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய் ஒட்டுகிறார்களா என்று பாருங்கள். பையில் போட்டால் எழுந்து வந்துவிடுங்கள், பக்கத்துத் தெருவில் இன்னொரு லேப் இருக்கும்.